கோர்மாக் சுட்ட முயல்

மே மாதம் பிறக்கும் காலையில் சூனியக்காரிகள் முயலாக மாறிப் பசுக்களின் பாலைக் குடித்துவிடுவார்கள் என்று அயர்லாந்தில் ஒரு காலத்தில் நம்பினார்கள். பண்ணையார் கோர்மாக் அப்படியொரு மே விடியலில், பனிமூட்டத்துக்குள் மந்தை நடுவே ஒரு முயலைக் கண்டு சுட்டார். சற்று நேரத்தில் பால் கறக்கும் ஊனா நொண்டிக்கொண்டு வந்தாள்.

அவ்வளவுதான், ஊரைக் கூட்டிவிட்டார். “என் குறி தப்பாது. முயலாக வந்தவள் இவள்தான்! இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் காலைக் காட்டட்டும்!”

“காட்டுகிறேன் ஐயா,” என்றாள் ஊனா. “ஆனால் உங்கள் செவலைப் பசுவும் இன்று நொண்டுகிறது. முதலில் அந்தச் சூனியக்காரியை விசாரியுங்கள்.”

போய்ப் பார்த்தார்கள். பசுவின் தொடையில் துப்பாக்கி ரவைகள் பதிந்திருந்தன. ஊனாவின் கணுக்காலில் குளம்பு பட்டுக் கன்றிப்போயிருந்தது.

“செவலையிடம் கறந்துகொண்டிருந்தேன்,” என்றாள் ஊனா. “ வெடி பட்டதும் உதைத்துவிட்டது. முயல் நன்றாகத்தான் ஓடியது.”

ஊரே சிரித்தது. கோர்மாக்கோ, கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் இவள் செத்திருப்பாளே என்று நினைத்துக் கூனிக் குறுகினார்.

அன்று மாலை செவலை அவரைக் கிட்டவே விடவில்லை. ஊனாவைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அவளே வாளியோடு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், கறக்க உட்கார்ந்தாள்.