பந்தலைக் காத்த தும்மல்

செங்காட்டூர் என்று ஒரு சமஸ்தானம். காலையில் நடக்க ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லை வந்துவிடும், அவ்வளவுதான் அதன் பரப்பு. ஆனால் சம்பிரதாயம் மட்டும் ஏழு தேசத்துக்குக் காணும்.

அதை ஆண்டவர் ராஜா ரத்தினபூபதி. நல்ல மனுஷர். கோபம்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அவருடைய அப்பா ஒரு துரையிடம் வாங்கிய பழைய மோட்டார் வீடு ஒன்று அரண்மனையில் இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. காற்றுதான் கிடையாது. அதனால் எங்கே நிறுத்தினாலும் ராஜா வெளியே வந்து, வண்டியின் பக்கத்தில் கட்டிய துணிப்பந்தலின் கீழே உட்காருவார்.

அந்தப் பந்தலால்தான் வந்தது வினை. ராஜா நிழலில் இருக்கும்போது பந்தலைச் சுருட்டுவது மரியாதை இல்லை. அவர் ஏறி உட்கார்ந்து "விடு" என்றால், சொன்ன வாய் மூடுமுன் சக்கரம் உருள வேண்டும். கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது, அபசகுனம். பிறகென்ன? விரித்த பந்தலோடு வண்டி கிளம்பும். டர்ர்ர்! மூன்று பந்தல் கிழிந்தது. மூன்று டிரைவருக்கு வேலை போனது. அவர்கள் செய்த குற்றம், சொன்னபடி ஓட்டியது.

நாலாவது டிரைவர் சூசை. பயந்த சுபாவம். நாலாவது பந்தலுக்கு ராஜா சபையில் ஆள் தேடினார். கண் போய் நின்றது அரண்மனை விகடகவி ஆவுடையின் மேல்.

"ஆவுடை! பந்தலை நீர்தான் பார்த்து வாங்க வேண்டும், நீர்தான் மாட்ட வேண்டும். இதுவும் கிழிந்தால் டிரைவரோடு சேர்ந்து நீரும் நடையைக் கட்டலாம்."

"உத்தரவு, மகாராஜா."

அரண்மனைக் காரியங்களைக் கவனிக்கும் பேஷ்கார் நரசிங்க ராவ் உள்ளுக்குள் பாயசம் குடித்தார். அவருடைய மைத்துனன் மோட்டார் ஓட்டப் பழகிவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். "பட்டுத் துணியில் தைத்தால் சமஸ்தானத்துக்குக் கௌரவம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

"பட்டு பார்த்தாலே கிழியும், பேஷ்கார்வாள்" என்றார் ஆவுடை.

அன்று சாயங்காலமே சூசை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஐயா, வீட்டில் அஞ்சு வாய். எனக்கு இதை விட்டால் வேறு தொழில் தெரியாதுங்க."

"அழாதேப்பா. அழுதால் துணி நனையும்."

ஆவுடை கடைத்தெருவில் ஏழு விதத் துணியைக் கசக்கிப் பார்த்து, நீலக் கோடு போட்ட கெட்டிக் கித்தானை எடுத்தார். ஆசாரி வண்டியின் கூரை விளிம்பில் மரச்சட்டம் அடித்துக் கொக்கி மாட்டினார். வெளிப்பக்கம் இரண்டு மூங்கில் கால், ஆறு கயிறு, கயிற்றைத் தரையில் இறுக்க ஆறு முளைக்குச்சி.

"யானை இழுத்தாலும் அசையாது" என்றார் ஆசாரி.

"யானை இழுக்காது, ஆசாரியாரே. ராஜா இழுப்பார்."

திரும்பும் வழியில் ஆவுடை ஒரு டப்பி மூக்குப்பொடி வாங்கினார். அவருக்குப் பொடிப் பழக்கமே கிடையாது.

முதல் பயணம் ஏரிக்கரைக்கு. மாலையில் ராஜா எழுந்தார், ஏறினார், "விடு" என்றார். சூசை கண்ணை மூடிக்கொண்டு கியரைப் போட்டான்.

"ஹச்!"

ஒற்றைத் தும்மல்! "நிறுத்து!" என்றார் ராஜா. ஒற்றைத் தும்மல் கேட்டால் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் புறப்படுவார். அதற்குள் இரண்டு சேவகர்கள் முளையைப் பிடுங்கிப் பந்தலைச் சுருட்டிவிட்டார்கள். பந்தல் பிழைத்தது. ஆனால் ஆவுடையின் மீசையில் ஒட்டியிருந்த பொடியைப் பேஷ்கார் பார்த்துவிட்டார்.

அடுத்த பயணம் மலையடிவாரத்துக்கு. ராஜா ஏறினார். "விடு!"

"ஹச்!" என்றார் ஆவுடை.

"நிறு..."

"ஹச்!" என்றார் பேஷ்கார், பணிவாக.

"ஆகா, இரட்டைத் தும்மல்! காரியம் ஜெயம். விடு!"

சேவகர்கள் ஒரு முளையைத்தான் பிடுங்கியிருந்தார்கள். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது, கயிறு விறைத்தது. சூசை மாதாவைக் கூப்பிட்டான்.

"ஹச்!" ஆவுடை. மூன்று. "நிறுத்து!"

"ஹச்!" பேஷ்கார். நாலு. "விடு!"

இரண்டாவது முளை வந்தது. ஐந்து, நிறுத்து. ஆறு, விடு. மூன்றாவது முளை. இருவர் கண்ணிலும் தாரை தாரையாக நீர். ஆவுடை ஒரு சிட்டிகை எடுத்தால் பேஷ்கார் இரண்டு சிட்டிகை எடுத்தார். பதினோராவது தும்மலில் ஆறாவது முளை வந்தது. பந்தல் சுருண்டு கூரையில் ஏறியது. ஆவுடை டப்பியை மூடி மடியில் செருகிக்கொண்டார்.

பேஷ்கார் பன்னிரண்டாவதைத் தும்மினார். வண்டி சுகமாக நகர்ந்தது.

"ஹச்!"

ராஜா தலையை வெளியே நீட்டினார். "யாரய்யா அது, பதின்மூன்று?"

எல்லோரும் பேஷ்காரைப் பார்த்தார்கள். அவர் மறுக்க வாயைத் திறந்தார். பதினாலு வந்தது. பிறகு பதினைந்து. எடுத்த பொடி அவ்வளவு.

ராஜா இறங்கிவிட்டார். "பேஷ்காரே, நான் போகட்டுமா, வேண்டாமா?"

"ஹச்!"

ராஜா இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். கூரையில் சுருண்டிருந்த பந்தலையும் பார்த்தார். "ஆவுடை, உண்மையைச் சொல்லும்."

"பந்தலைச் சுருட்டக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, மகாராஜா. முன்னே மூன்று பேருக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. அதில்தான் வேலை போனது."

ராஜாவின் முகம் சுருங்கியது. மூன்று பேரையும் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "அவர்களையும் திரும்பக் கூப்பிடுங்கள்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "அது கிடக்கட்டும். 'மகாராஜா, பந்தல்' என்று பின்னாலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன?"

"கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிட வாய்க்குத் தடை இருக்கிறது, மகாராஜா. மூக்குக்கு இன்னும் யாரும் உத்தரவு போடவில்லை."

ராஜா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூசைக்கு வேலை நிலைத்தது. ஆவுடைக்குச் சால்வை கிடைத்தது. பேஷ்காருக்கு ஒரு கைக்குட்டை கொடுக்கச் சொன்னார்.