ஆரைக்கு நாலு இலை வந்த விதம்

புல்லும் பூண்டும் பேசிக்கொண்டு காலாற நடந்து திரிந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரைச் சதுப்பில் மூன்று குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்தன. முழங்கால் தண்ணீரில் நெட்டைப் புல்லான சம்பு. அவனுக்குப் பின்னால் கோரை. அவளுக்கும் பின்னால், ஈரமண்ணில், கைபோல இரண்டே இலையோடு ஆரைக்கீரை.

அவர்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. நீர் ஏறினால் சம்பு கோரைக்குச் சொல்ல வேண்டும், கோரை ஆரைக்குச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் மேட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்பது மரியாதை இல்லை.

ஓர் ஐப்பசியில் இருளாயி என்ற பெண் கீரை பறிக்க வந்தாள். ஆரையின் கொழுந்தைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே, "இந்தக் கோரையும்தான் மண்டிக் கெடக்கு. ஆக்கி வச்சா மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றாள். ஆரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், அவ்வளவுதான். கோரைக்கு அது சுருக்கென்று தைத்தது.

மூன்றாம் நாள் மேலே இருந்த இன்னோர் ஏரி உடைந்தது.

"கோரையக்கா, தண்ணி வருது. பின்னால சொல்லிரு" என்றான் சம்பு.

கோரை தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஆரை வீட்டைச் சுற்றி வேறு வழியாக மேடேறினாள். கணுக்கால் நனையட்டும், சிரிப்பு அடங்கும் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவள் எதையும் நினைக்கவில்லை.

ஆரை பிள்ளைகளைத் தூங்கப் போட்டிருந்தாள். ஏழு பேர். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது இரண்டைத் தூக்கினாள். மற்ற ஐந்தும் காலைக் கட்டிக்கொண்டு அழுதன. இதை இறக்கி அதை எடுத்து, அதை இறக்கி இதை எடுத்து, கடைசியில் கையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வெள்ளம் வடிந்ததும் கோரை வந்து நின்றாள். கணுக்காலோடு நின்றுவிடும் என்று நினைத்தேன் என்று அழுதாள். ஆரை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஏரிக்குத் தெய்வமான ஏரித்தாய்தான் வந்து கேட்டாள்: "போனதுகள என்னால திருப்பித் தர முடியாது. வேற என்ன வேணும்டி மகளே?"

"இன்னும் ரெண்டு கை குடு. இனிமே பொறக்கிறத நானே பாத்துக்கிறேன்."

அதற்குப் பின்தான் ஆரைக்கு நாலு இலை. கையால் தூக்குவதையும் அவள் நம்பவில்லை. பிள்ளைகளை வேரடியில், மிளகு போன்ற கெட்டிச் சிமிழுக்குள் அடைத்து வைத்திருக்கிறாள். ஏரி வற்றி மண் வெடித்தாலும் திறக்க மாட்டாள். தண்ணீர் வந்ததென்று யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். தண்ணீரே வந்து தொட வேண்டும்.