நாற்பத்திரண்டாம் பக்கத்து அசிங்கம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன், லண்டனில் புத்தகக்கடைக்காரர் பின்னாக்கிடம் தாள் மடித்துத் தைப்பவள் டார்கஸ். ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டு வந்திருந்த நாவல் அவளுடையது. பின்னாக்கைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

அந்த நாவலோடு பாதிரியார் ஸ்க்ரோப் கடைக்குள் வந்து குதித்தார்.

“ஒரு வரி விடாமல் படித்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம் ஒரே அசிங்கம்! அத்தனை பிரதியையும் கொளுத்து!”

பின்னாக் அவசரமாகப் புத்தகங்களை அள்ளினார்.

“கொளுத்திடலாம் ஐயா,” என்றாள் டார்கஸ் பாதிரியாரிடம். “அந்தப் பக்கத்தை மட்டும் இங்க நிக்கிறவங்களுக்கு விரிச்சுக் காட்டுங்க.”

கடையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பக்கம் விரியவில்லை. அந்தக் காலத்தில் புத்தகத் தாள்கள் ஓரத்தில் மடிப்போடு ஒட்டியே இருக்கும்; வாங்கியவரே அந்த மடிப்பைக் கத்தியால் வெட்டிப் படிக்க வேண்டும். பாதிரியார் ஒன்றைக்கூட வெட்டவில்லை.

கடையே சிரித்தது.

“இந்தாங்க ஐயா, கத்தி. படிச்சிட்டு வந்து திட்டுங்க. எழுதினவகிட்ட நானே சொல்லிடறேன்.”