பதினோரு வருஷத்து ஒட்டுப் போர்வை

காலை நீட்டிப் படு. கையை உள்ள இழுத்துக்கோ. நான் நிறுத்துற எடத்துல நீ 'ம்' கொட்டணும், தெரியுதா? கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நானும் தூங்கிருவேன்.

ஒரு மலை ஊர்ல, ஜன்னலைத் தொறந்து வெச்சா மேகம் அடுப்படி வரைக்கும் வந்துட்டுப் போற ஊர்ல, வைடூரியம்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரே தங்கச்சி, பேரு பவளம். அவங்கம்மாவுக்குக் கழுத்துல போட்டுக்க நகைன்னு ஒண்ணும் கெடையாது. அதனால பெத்த பொண்ணுங்களுக்குப் பேரா வெச்சு ஆசையைத் தீத்துக்கிட்டா.

வைடூரியத்தோட வீட்டுக்காரர் சிங்காரம். மலைப்பாதையில ஓடுற பஸ்ஸுல கண்டக்டர். ஒல்லியான ஆளு. பஸ்ஸுலதான் சத்தமா விசில் ஊதுவாரே தவிர, வீட்டுல அவர் வாயிலேருந்து சத்தமே வராது.

இந்த வைடூரியத்தோட கை இருக்கே, அது சும்மாவே இருக்காது. உல்லன் நூலைக் கண்டா பின்னணும். பழைய துணியைக் கண்டா தைக்கணும். அவ்வளவு ஆசையா ஆரம்பிப்பா. டக் டக் டக் டக்குனு ஊசி ஓடும். அப்புறம் முக்கால்வாசி வந்ததும் நின்னுபோகும். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில இருக்குற, மூலை துருப்பிடிச்சு ஓட்டையான தகரப்பெட்டிக்குள்ள பொத்துனு போட்டுருவா. அந்தப் பெட்டிக்குள்ள என்னென்ன இருந்துச்சு தெரியுமா? உச்சி மூடாத குரங்குக் குல்லா ஒண்ணு. கையே இல்லாத ஸ்வெட்டர் ஒண்ணு. எல்லாத்துக்கும் அடியில, ஒரு ஒட்டுப் போர்வை.

ம்? ஆங், ஒட்டுப் போர்வைன்னா, பழைய சேலை, பாவாடை, சட்டை எல்லாத்தையும் சதுரம் சதுரமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துத் தைச்சு, அடியில இன்னொரு சேலையை மெத்துனு வெச்சு, ரெண்டையும் சேர்த்துப் பொடிப் பொடியா ஓட்டுத் தையல் போடுறது. போத்தினா குளிர் கிட்டயே வராது. அதைப் பவளத்தோட கல்யாணத்துக்குன்னு ஆரம்பிச்சா வைடூரியம். அம்மா கட்டின சேலை, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போன பாவாடை, எல்லாம் அதுல இருந்துச்சு.

ஆனா கல்யாண நாளும் வந்துருச்சு, போர்வை முடியல. அப்போ பவளம், சீர் வரிசையெல்லாம் பரப்பி வெச்சிருக்குற எடத்துல, அத்தனை பேருக்கு முன்னாடி, "எங்கக்கா எதைத்தான் முடிச்சிருக்கா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டா. வெளையாட்டாத்தான் கேட்டா. ஆனா சுத்தி நின்னவங்க எல்லாரும் கொல்லுனு சிரிச்சுட்டாங்க. வைடூரியத்துக்கு மொகம் அப்படியே செவந்துபோச்சு. "அந்தப் போர்வையை முடிச்சுட்டுத்தான்டி உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன்"னு சொல்லிட்டு விடுவிடுன்னு கெளம்பி வந்துட்டா.

சொன்னது ஒரு நிமிஷம். மிதிக்காம இருந்தது எத்தனை நாளு? பதினோரு வருஷம்.

ம்.

பவளத்தோட வீடு ஒண்ணும் தூரம் இல்ல. பஸ்ஸுல ஒம்போது கொண்டை ஊசி வளைவு எறங்கினா வந்துரும். தினமும் சிங்காரத்தோட பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். வேற யாராவது வீட்டுக் கல்யாணத்துல, காதுகுத்துல அக்காவும் தங்கச்சியும் பாத்துப்பாங்க. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு வருஷமும் போர்வையை எடுக்கணும்னு வைடூரியம் நெனைப்பா. ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கனமாத் தெரியும். பெட்டியைத் தொறக்க மாட்டா.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், சிங்காரம் சாப்பிட வந்தவர், கை கழுவாமலே வாசல்ல நின்னாரு.

"பவளத்துக்குக் கொழந்தை பொறந்திருக்கு."

"என்னங்க சொல்றீங்க!"

"எட்டாம் மாசத்துலயே வந்துருச்சு. பொண்ணு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்களாம். பெத்தவளைத் தவிர யாரையும் உள்ள விடுறதில்லையாம்."

வைடூரியம் அப்படியே தரையில ஒக்காந்துட்டா. பதினோரு வருஷமா ஒரு கொழந்தைக்காக எத்தனை கோயிலுக்கு நடந்திருப்பா அந்தத் தங்கச்சி! அவ அழுதப்ப பக்கத்துல யாரு இருந்திருப்பாங்க!

"நாப்பது நாள் கழிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்து தொட்டில் போடுறாங்களாம். பவளம் சொல்லிவிட்டா. அக்காவை வரச் சொல்லுங்க மாமா, வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தாலும் பரவாயில்லன்னு."

வைடூரியம் எந்திரிச்சா, கட்டிலுக்கு அடியில கையை விட்டா, பெட்டியைக் கரகரகரன்னு வெளிய இழுத்தா.

போர்வைதான் அடியில கெடக்குதே! அதைத் தொட அவளுக்குப் பயம். அதனால மேல என்ன இருந்துச்சோ அதை எடுத்தா. குரங்குக் குல்லா. எத்தனை கண்ணி போட்டோம், எத்தனை விட்டோம்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல. பின்னுவா, தப்பாப் போகும், சர்ர்ர்னு உருவுவா. மறுபடியும் பின்னுவா, மறுபடியும் சர்ர்ர். மூணாவது நாள் சாயங்காலம் உச்சி மூடிக்கிச்சு. ஆனா குல்லா கொஞ்சம் பெருசு. சிங்காரம் போட்டுக்கிட்டா கண்ணு வரைக்கும் எறங்குது.

"நல்லால்ல, கழட்டுங்க"ன்னா இவ.

"காது சூடா இருக்குது"ன்னாரு அவரு. கழட்டவே இல்ல. அதைப் போட்டுக்கிட்டே வேலைக்குப் போனாரு.

அப்புறம் ஸ்வெட்டர். சாம்பல் நெறம். ஒரு கை பின்னி முடிச்சா, அடுத்த கைக்கு நூல் இல்ல. கடைத்தெருவுக்கு ஓடினா. நூல்கடைக்காரர் அந்த நூலை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, இந்த நெறம் வர்றது நின்னு எட்டு வருஷமாச்சே"ன்னு சொல்லிட்டாரு. முன்ன மாதிரி இருந்தா வைடூரியம் என்ன செஞ்சிருப்பா? சுருட்டிப் பெட்டியில போட்டிருப்பா, இல்லையா? இந்தத் தடவை அங்கயே கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், "அந்த மஞ்சளைக் குடுங்க"ன்னா. ஒரு கை சாம்பல், ஒரு கை மஞ்சள். சிங்காரம் அதையும் போட்டுக்கிட்டாரு. பஸ்ஸுல ஏறினவங்க, "என்ன கண்டக்டரே, சிக்னல் காட்டுறீங்களா?"ன்னு கேட்டாங்களாம். "ஆமா, மஞ்சக் கையைத் தூக்கினா வண்டி நிக்கும்"னாராம்.

ம் கொட்டு. தூங்கிட்டியா? எலி இனிமேதான் வருது.

அதுக்குள்ள இருபது நாளு ஓடிப்போச்சு. பெட்டியில இப்போ போர்வை மட்டும்தான். வைடூரியம் கண்ணை இறுக்கமா மூடிக்கிட்டு அதை எடுத்து ஒதறினா. ஒதறினா, உள்ளேருந்து 'கீச்!'. ஒரு எலி பாய்ஞ்சு வெளிய விழுந்து ஓடுது! கதவுக்கு ஓடுது, அடுப்புக்கு ஓடுது, இவ கட்டில் மேல ஏறி நின்னுட்டா. எலி போனதும் போர்வையைப் பாத்தா, ஒரு மூலையில கறுக் கறுக்குனு கடிச்சு, நாலு சதுரம் ஓட்டையாக் கெடக்கு. நாலும் அம்மா கட்டின சேலை. போர்வையில மிச்சம் இருக்குற சதுரத்தைத் தவிர அந்தச் சேலையில வேற துண்டே கெடையாது.

அன்னிக்குத்தான் வைடூரியம் அழுதா. சத்தம் போட்டு அழுதா. நான் அன்னைக்கே முடிச்சிருந்தா எலிக்கு ஏது எடம்னு அழுதா.

சிங்காரம் வந்து பாத்தாரு. ஓட்டைக்குள்ள ஒரு வெரலை விட்டுப் பாத்தாரு. அப்புறம் கொடியில கெடந்த தன்னோட பழைய காக்கிச் சட்டையை எடுத்துட்டு வந்து அவ மடியில வெச்சாரு.

"இது எப்படிங்க? அது எல்லாம் பூப் போட்ட துணி, இது காக்கி!"

"எலிக்கு ஓட்டைன்னு தெரிஞ்சா மறுபடி வரும். காக்கியைப் பாத்தா போலீஸுன்னு ஓடிரும்."

அழுதுக்கிட்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாலு காக்கிச் சதுரம் வெட்டினா. தைச்சா. டக் டக் டக் டக். ஒரு பக்கம் முடிஞ்சுது. ரெண்டாம் பக்கம் முடிஞ்சுது. மூணாம் பக்கமும் முடிஞ்சுது. இனிமே ஒரே ஒரு ஓரம், ரெண்டு மொழம்தான் பாக்கி.

அங்க நின்னுபோச்சு.

ம், அங்கதான். பழையபடியே. அவர் வேலைக்குப் போனதும் ஊசியை எடுப்பா. ஒடனே அரிசியில கல்லு இருக்குறது ஞாபகம் வரும். கல்லைப் பொறுக்குவா. ஊசியை எடுப்பா. ஜன்னல் கம்பி அழுக்கா இருக்குறது தெரியும். தொடைப்பா. இப்படியே ஏழு நாளு. நாளைக்கு விடிஞ்சா தொட்டில்.

சிங்காரம் கேட்டாரு, "ஏன் நிக்குது?"

"முடிக்காத வரைக்கும் அது நல்லா வரும்னு நெனைச்சுக்கலாங்க. முடிச்சுட்டா பவளம் பாத்துருவாளே"ன்னா அவ.

"பாக்கத்தானே தைக்கிற?"

"கோணலா இருக்குங்க."

"கோணலா இருந்தா கோணலாப் போத்திக்கிட்டுப் போறாங்க."

மறுநாள் காலையில, அவ பொடவை மாத்திக்கிட்டு, தலையில பூ வெச்சுக்கிட்டு, போர்வையை இடுப்புல இடுக்கிக்கிட்டு, ஊசியையும் நூலையும் எடுத்துக்கிட்டு, அவர் பஸ்ஸுலயே ஏறிட்டா. ஜன்னலோரம் ஒக்காந்து, போர்வையை மடியில விரிச்சா.

பீப்பீ! பஸ் கெளம்புச்சு.

மொத வளைவு. பஸ் வலது பக்கம் சாயுது, ஊசி நறுக்குனு வெரல்ல குத்துச்சு. "ஸ்ஸ்!" ரெண்டாம் வளைவு. இடது பக்கம் சாயுது, தையலும் கூடவே சாயுது. நேரா போட்டாலும் கோணலாத்தான் போகுது. பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. கல்யாணத்தன்னிக்குச் சிரிச்ச மாதிரி இப்பவும் சிரிப்பாங்களோன்னு அவளுக்குப் பயம். ஆனா முன் சீட்டுல இருந்த ஒரு அம்மா திரும்பி, "வண்டி ஒதறுதுல்ல, நான் இந்த முனையைப் பிடிச்சுக்கிறேன்"னு பிடிச்சுக்கிட்டாங்க. காய்கறி மூட்டையோட நின்ன ஒரு பெரியவர் இன்னொரு முனையைப் பிடிச்சாரு. அஞ்சாம் வளைவு, ஆறாம் வளைவு. ஒரு மொழம் முடிஞ்சுது. ஏழு, எட்டு. இன்னும் ஒரு சாண். ஒம்போதாம் வளைவும் திரும்பியாச்சு. பவளத்தோட வீடு தெரியுது. வாசல்ல மாவெலைத் தோரணம். பஸ் நின்னுருச்சு.

இன்னும் நாலு வெரக்கடை பாக்கி!

டிரைவர் திரும்பிப் பாத்து, "என்ன கண்டக்டரே, போலாமா?"ன்னு கேட்டாரு.

சிங்காரம் விசிலை வாயில வெச்சாரு. ஊதல. குல்லாவைக் கொஞ்சம் மேல தூக்கிவிட்டுக்கிட்டு, மஞ்சக் கையைத் தூக்கிக் காமிச்சாரு. பஸ் நிக்குது. உள்ள ஒருத்தரும் மூச்சு விடல. கடைசித் தையல், கடைசி முடிச்சு. பல்லால நூலைக் கடிச்சா, 'டிக்'.

"முடிஞ்சுது"ன்னா வைடூரியம். ரொம்ப மெதுவாத்தான் சொன்னா. ஆனா பின் சீட்டு வரைக்கும் கேட்டுச்சு.

ம்.

அவ எறங்கினா. வாசப்படி வரைக்கும் போனா. கால் நின்னுபோச்சு. உள்ளேருந்து பவளம் கொழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தா. ஆளு எளைச்சுப் பாதியா இருந்தா. அக்காவைப் பாத்தா, இடுப்புல இருந்ததைப் பாத்தா.

"குடு"ன்னா.

வாங்கி, பாயில விரிச்சா. நீவி நீவிப் பாத்தா. "இது அம்மாவோட சேலை. இது என் பாவாடை. இதென்னக்கா, காக்கி?"

"மாமா சட்டை."

"டிக்கெட் குடுக்குமா?" அப்புறம் கடைசி ஓரத்துக்கு வந்தா. வெரலை வெச்சு அந்தத் தையல் கூடவே போனா. "இது ஏன் இப்படிப் பாம்பு மாதிரி போகுது?"

வைடூரியம் ஒளிக்கல. "பஸ்ஸுல வெச்சுத் தைச்சேன். கோணல்தான் பவளம்"னா.

பவளம் கொழந்தையைப் போர்வைக்கு நடுவுல படுக்கவெச்சா. உள்ளங்கை அளவு மொகம். அது சுத்தும் முத்தும் பாத்துச்சு, ஒரு கொட்டாவி விட்டுச்சு, அப்புறம் என்ன செஞ்சுது தெரியுமா?

சொர்ர்ர்ர்.

பதினோரு வருஷமா தைச்ச போர்வை, ஒரே நிமிஷத்துல! அக்காவும் தங்கச்சியும் ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாத்தாங்க. மொதல்ல பவளத்துக்குத்தான் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் இவளுக்கு. சிரிச்சுச் சிரிச்சு, அது எப்போ அழுகையா மாறுச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல.

தொட்டில் போட்டு, வந்தவங்க எல்லாம் சாப்பிட்டுப் போனதுக்கு அப்புறம், பின்னாடி தொவைக்கிற கல்லுல போர்வையை அலசினாங்க. தண்ணி குடிச்ச ஒட்டுப் போர்வை என்னா கனம்! ஒருத்தியால புழிய முடியாது. அக்கா ஒரு முனை, தங்கச்சி ஒரு முனை. "கெட்டியாப் பிடிக்கா." "நீ அந்தப் பக்கம் முறுக்குடி." முறுக்கு முறுக்குன்னு முறுக்க, சளசளசளன்னு தண்ணி ஊத்துச்சு. கொடியில போட்டாங்க.

மலையில வெயில் ஏது? மேகம் வந்து மூடிக்கிச்சு. "அது காயட்டும். பாத்துட்டு அப்புறம் போலாம்"னா பவளம். அக்கா தங்கிட்டா.

மறுநாள் காலையில பஸ் வந்துச்சு. சிங்காரம் படியில நின்னு, "காஞ்சுருச்சா?"ன்னு கேட்டாரு.

"இல்லீங்க!"

பீப்பீ. போயிட்டாரு. அதுக்கு அடுத்த நாள் வந்தாரு. "காஞ்சுருச்சா?"

"ஓரம் இன்னும் ஈரமா இருக்குங்க!"

பீப்பீ. மூணாம் நாள் பளீர்னு வெயில். போர்வை மொறுமொறுன்னு காஞ்சு, மடிச்சு, அதுக்கு மேல கொழந்தை தூங்கிக்கிட்டு இருக்கு. வைடூரியம் வாசத் திண்ணையில ஒக்காந்திருக்க, பவளம் அவளுக்குத் தலை பின்னிவிடுறா. பஸ் வந்து நின்னுச்சு. "காஞ்சுருச்சா?"

அக்கா தங்கச்சியைப் பாத்தா, தங்கச்சி அக்காவைப் பாத்தா. ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினாங்க.

"இன்னும் இல்லீங்க!"

அவ்வளவுதான். கதை மலை எறங்கிப் போயிருச்சு, நீயும் கண்ணை மூடிக்கோ. ம்... ம் கூட வேண்டாம். தூங்கு.