காத்தை அடைச்சுப் பார்த்த சவரிமுத்து

ஒரு ஊர்ல ஒரு பஞ்சர் கடைக்காரரு இருந்தாரு. பேரு சவரிமுத்து. மணப்பாறை போற ரோட்டு முக்குல கடை. எந்த ட்யூப்ல ஓட்டை இருந்தாலும், தண்ணித் தொட்டியில அமுக்கி, குமிழி எங்க வருதுன்னு பார்த்து, ஒட்டுப் போட்டுருவாரு. ஊசி முனை அளவுகூட காத்து கசியக்கூடாது அவருக்கு.

"ம்" சொல்லு எழில், சொன்னாத்தான் பெரியம்மாவுக்குக் கதை ஓடும். ஆங்.

அவரு சம்சாரம் பேரு லூர்துமேரி. காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு இடியாப்பம் பிழிஞ்சு விக்கிற அம்மா. இந்த மனுஷன் குறட்டை இருக்கே, கொர்ர்ர்ர்னு லாரி மேடேறுற மாதிரி. அந்தம்மா எப்படித் தூங்கும்? பாயைச் சுருட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருச்சு. அப்புறம் ஒம்பது வருஷம், இவரு இந்த ரூம்ல, அது அந்த ரூம்ல.

அவருக்கு அது பெரிய ஏக்கம். பக்கத்துல வளையல் சத்தம் இல்லாம, போர்வைக்கு யாரும் சண்டை போடாம, படுக்கையே வெறிச்சுன்னு கிடக்கும். ஆனா "வந்து படு"ன்னு வாயைத் தொறந்து கேக்க மாட்டாரு. ரோஷக்காரரு. நான்தானே குறட்டை விட்டு விரட்டுனேன், நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கூப்பிடுறதுன்னு இருப்பாரு.

அப்போ ஒரு நாள் ஆஸ்பத்திரியில டாக்டரு சொன்னாரு, உனக்கு வெறும் குறட்டை இல்லைப்பா, தூக்கத்துல மூச்சே நின்னு நின்னு வருதுன்னு. ஒரு மிஷினு குடுத்தாங்க. மூக்குல ஒரு மாஸ்க்கு. அது வழியா காத்து உள்ள போய் தொண்டை மூடாமப் பார்த்துக்கும். போட்ட அன்னைக்கே குறட்டை நின்னுபோச்சு. ஆனா ஓரத்துல ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...னு சின்னதா ஒரு கசிவு.

மனுஷனுக்குப் பொறுக்கல. கசியுதே! இந்தச் சத்தம் நின்னாத்தான் லூர்து வந்து நிம்மதியாத் தூங்கும், அன்னைக்குத்தான் கூப்பிடுவேன்னு வைராக்கியமா நினைச்சுக்கிட்டாரு.

முதல் நாள் என்ன பண்ணாரு? மாஸ்க்கோட வாரை இழுத்து இறுக்குனாரு. நட்டு முறுக்குற கை இல்லையா, நல்லா இறுக்கிட்டாரு. விடிஞ்சா மூக்குத் தண்டுல செக்கச்செவேல்னு தழும்பு. இறுக்குன இடம் கோணிக்கிட்டு, மத்தப் பக்கம் புஸ்ஸுனு இன்னும் ஜாஸ்தியாக் கசிஞ்சுது.

ரெண்டாவது நாள், டயர் விளிம்புல சோப்புத் தண்ணி தடவுனா கச்சிதமா உக்காரும்ல, அதே மாதிரி கன்னத்துல தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டாரு. மாஸ்க்கு வழுக்... வழுக்...னு காதுப் பக்கம் போயிருச்சு. கண்ணுக்குள்ளேயே காத்து அடிச்சுது.

சிரிக்காத, தூங்கு. ம்?

மூணாவது நாள், மிஷினை ஓட விட்டாரு, மாஸ்க்கு வாயை உள்ளங்கையால பொத்துனாரு, மேல சோப்பு நுரையைத் தடவுனாரு. மாஸ்க்கு முன்னாடி குட்டிக் குட்டியா நாலஞ்சு துளை இருக்கும், அங்க குபுகுபுகுபுன்னு குமிழி. அகப்பட்டியா திருடன்னு சொல்லிக்கிட்டே பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன் தடவி, டப்புனு ஒரு ட்யூப் ஒட்டுப் போட்டுட்டாரு. நாளைக்குக் கூப்பிட்டுறலாம்னு ஆசையாப் படுத்தாரு.

கொஞ்ச நேரத்துல நெஞ்சை அடைச்சுது. தலை விண்விண்ணுனு தெறிச்சுது. விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தா வேற என்ன ஆகும்? மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சுட்டு, அசதியில அப்படியே தூங்கிட்டாரு. கொர்ர்ர்... கொர்ர்ர்... அப்புறம் டக்குனு சத்தம் நின்னுபோச்சு.

அடுப்படியிலேருந்து ஓடி வந்தது யாரு? லூர்தம்மாதான். தோளைப் புடிச்சு உலுக்கு உலுக்குனு உலுக்குச்சு. ஹக்னு மூச்சு வந்துது.

விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. மாஸ்க்கு மாட்டிவிடுற பொண்ணு அந்த ஒட்டைப் பார்த்துட்டுத் தலையில கை வச்சுருச்சு. அய்யா, இது நீங்க விட்ட மூச்சு வெளிய போற துளை, இதை அடைக்கவே கூடாதுன்னுச்சு. வேற மாஸ்க்கு குடுத்துச்சு. மூஞ்சி கழுவிட்டு, எண்ணெய் இல்லாம, படுத்துக்கிட்டே மாஸ்க்கை லேசாத் தூக்கி உக்கார வைங்க, வாரை இறுக்காதீங்கன்னு காட்டிக் குடுத்துச்சு. ஓரத்துல கொஞ்சம் கசிஞ்சா மிஷினே ஈடு கட்டிக்கும், கண்ணுல அடிச்சாலோ, தூக்கம் கலைஞ்சாலோ மட்டும் வாங்கன்னு சொல்லுச்சு.

"அப்ப இந்தச் சத்தம் சுத்தமா நிக்கவே நிக்காதாம்மா?"

"லேசா இருக்கத்தான் செய்யும் அய்யா."

அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. பஸ்ல வர்றப்போ ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தாரு. ஏன் இப்படி உம்முனு வர்றீங்கன்னு அந்தம்மா கேட்டுச்சு. அப்பத்தான் வாயைத் தொறந்தாரு.

"சத்தம் நின்னா உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன். ஒம்பது வருஷமாச்சு லூர்து."

அந்தம்மா மெதுவாச் சொல்லுச்சு.

"நான் அடுப்படியில தூங்குனேன்னா நினைச்சீங்க? உங்க குறட்டை நிக்கிறப்பெல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டுக் கிடப்பேன். ஒரு நாள் பத்தொம்பது வரைக்கும் எண்ணிட்டேன். மறுபடி கொர்ர்னு வந்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. நீங்க சத்தமே இல்லாமப் படுத்தா எனக்கு எப்படித் தெரியும்? கசியட்டும் விடுங்க. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா நான் தூங்கிருவேன்."

எழில்... முழிச்சிருக்கியா? ம், கொஞ்சந்தான் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி பாயை எடுத்துக்கிட்டு அந்தம்மா இந்த ரூமுக்கு வந்துச்சு. அவரு பக்குவமா மாஸ்க்கை மாட்டுனாரு. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... அதைக் கேட்டுக்கிட்டே அந்தம்மா கண்ணை மூடுச்சு. ஒம்பது வருஷத் தூக்கம் பாக்கி கிடந்துச்சுல்ல? கொஞ்ச நேரத்துல ஒரு சத்தம். கொர்ர்ர்... கொர்ர்ர்ர்...

யாரு? லூர்தம்மாதான்.

மூணு மணி ஆனப்பவும் சவரிமுத்து எழுப்பவே இல்ல. விடியுற மட்டும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரு.

கதையும் கண்ணை மூடிருச்சு, நீயும் மூடு கண்ணு.