மந்திரி கொடுக்காத வெற்றிலை

ஊரெங்கும் தொற்றுக் காய்ச்சல். சந்தையை மூடலாமா வேண்டாமா என்று அரசவையில் ஒரே வாக்குவாதம். மந்திரி கோளரியார் மீசையை முறுக்கினார்.

“காய்ச்சலாவது ஒன்றாவது! எல்லாம் வைத்தியர் கிளப்பிவிட்ட புரளி. டேய் சடையப்பா, ‘நாட்டில் நோயே இல்லை’ என்று தண்டோரா போடு. ஒரு வார்த்தை குறைந்தாலும் தலை இருக்காது!”

தண்டோராக்காரன் சடையப்பன் கும்பிட்டான். “உத்தரவு சாமி. வழக்கம்போல உங்க கையால வெற்றிலை கொடுத்து அனுப்புங்க.” கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனவன், “லொக்கு லொக்கு” என்று இருமினான்.

“கிட்ட வராதேடா!” மந்திரி கையில் எடுத்த வெற்றிலைத் தட்டைப் போட்டுவிட்டுச் சிம்மாசனத்துக்குப் பின்னால் பாய்ந்தார்.

சற்று நேரத்தில் தெருவில் தண்டோரா முழங்கியது.

“சகல சனங்களுக்கும் அறிவிப்பது என்னன்னா, நாட்டில் நோயே இல்லை! யாராவது இருமினா மட்டும், நம்ம மந்திரி மாதிரியே எல்லாரும் ஓடி ஒளிஞ்சுக்கணும்!”

அன்று சாயங்காலம் சந்தையில் ஈ, காக்கைகூட இல்லை.