சடகோபன் சாருக்கு ஒரு குழாய்

சிறுசேரி டேட்டா சென்டரின் மேனேஜர் சடகோபன், சித்திரை வெயிலிலும் கம்பளிக் கோட்டோடுதான் வலம்வருவார். மெஷின்கள் இருக்கும் கூடத்தில் தமக்குப் பல் தந்தியடித்தால்தான் அவருக்கு நிம்மதி.

ஏ.சி. மெக்கானிக் ரெஜினா ஒரு யோசனை சொன்னாள். "சார், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று இருக்கு. எந்த மெஷின் எப்போ சூடாகும்னு முன்கூட்டியே கணிச்சு, அங்கே மட்டும் குளிர்காற்றை அனுப்பும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரே மாசத்துல கரன்ட் கால்பங்கு குறையணும். நான் வந்து நின்னா குளிரவும் குளிரணும். இல்லேன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ!"

"சரி சார். எங்கே நிற்பீங்க?"

"எப்பவும்போல வாசல்லதான்!"

மாதம் முடிந்தது. கரன்ட் கால்பங்கு குறைந்திருந்தது. முதலாளி அம்மாள் நேரில் பார்க்க வந்தார்.

சடகோபன் வாசலில் நடுங்கியபடி நெஞ்சை நிமிர்த்தினார். "என் கண்டிப்புதான் மேடம்! கூடம் முழுக்க இதே குளிர்!"

"உள்ளே நாலடி வாங்க சார்" என்றாள் ரெஜினா.

போனார். சற்று நேரத்தில் கம்பளிக் கோட்டின் புழுக்கத்தில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"மெஷின்களுக்கு இந்தக் குளிரே தாராளம் மேடம். அதை மென்பொருள் பார்த்துக்குது. வாசல்ல இருக்கிற அந்த ஒரு குளிர்காற்றுக் குழாய் மட்டும் சாருக்காக நான் வச்சது. அதையும் மூடினா இன்னும் கொஞ்சம் கரன்ட் மிச்சமாகும்."

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூடிடும்மா. இனிமே இந்தக் கூடத்துக் குளிர் உன் பொறுப்பு."

சடகோபன் கோட்டைக் கழற்றினார்.